உறையைத் திறக்காதவர்களும் இறந்தார்கள்

2001 அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் செனட்டர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் திறக்கப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் பொடி கொட்டியது. அங்கிருந்த ஊழியர்களுக்கு உடனடியாகப் பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அதே கடிதத்தை வகைபிரித்து அனுப்பிய பிரென்ட்வுட் அஞ்சல் மையமோ 21ஆம் தேதிவரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஊழியர் இருவர் மாண்டனர். அஞ்சல் பாதுகாப்பு அதுவரை கடிதம் பெறுபவரை மனத்தில் வைத்தே யோசிக்கப்பட்டது, கையாளுபவரை அல்ல.

ஒட்டிய உறையிலிருந்து கிருமி கசியும் என்பது அன்று யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உறையின் ஒட்டாத மூலைகள் வழியே அது கசியக்கூடும் என்பதைக் கனடாவின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் முந்தைய மாதமே எழுதியிருந்தனர். அந்த அறிக்கை எவர் கண்ணிலும் படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இயந்திரம் கடிதங்களை அழுத்தித் தள்ளும்போது தூசி கிளம்புவதும், அதை அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவு செய்ததும் அன்றாடக் காட்சிகள். தூசி வெளிவரும் வழியில் கிருமி வராதா? இதை ஊகிக்க ஆய்வகம் தேவையில்லை. பிற்பாடு ஊதுவதற்குப் பதில் உறிஞ்சும் கருவிகள் வந்தன. வகைபிரிக்கும் இயந்திரங்களின் மேல் காற்றைச் சோதிக்கும் கருவிகளும் பொருத்தப்பட்டன.