எஃகும் ஏகும்

அடக்கமாக வந்து ஒட்டிக்கொண்ட ஒருவர், நாளாக ஆக வீட்டையே ஆட்டிவைக்கத் தொடங்கினால், ‘ஏகு மேகு அயிந்தி’ என்பார்கள் தெலுங்கில். சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழ்பவர்களுக்கும் இது விளங்கும். மேகு என்றால் ஆணி. ஏகு?

நூற்பதற்கென்று உருட்டிய பஞ்சுச் சுருள்தான் ஏகு. விதை நீக்கிய பஞ்சை வில் நாணால் அடித்தால் அது பொங்கிப் புகை போலப் பரவும். அதில் ஒரு பிடி எடுத்து, மெல்லிய குச்சியில் சுற்றி உள்ளங்கையால் உருட்டிக் குச்சியை உருவிவிட்டால், விரல் பருமனில் ஒரு சுருள் நிற்கும். ஊதினால் பறக்கும் அது ஆணியாகிவிட்டது என்பதில்தான் பழமொழியின் குறும்பு.

தமிழருக்கு இந்தச் சொல் அந்நியமல்ல. பஞ்சைப் பன்னுவதற்குப் பழந்தமிழில் ‘எஃகுதல்’ என்று பெயர். பெய்து ஓய்ந்த வெண்மேகத்தை எஃகிய பஞ்சோடு ஒப்பிடுகிறது ஓர் அகநானூற்றுப் பாட்டு. கன்னடத்தில் அதுவே ‘எக்கு’. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே பதிவில் சேர்த்திருக்கிறது. இன்றைய தமிழருக்கோ எஃகு என்றால் உருக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

நூற்கும் கருவியின் பெயரிலும் இதே உறவு தெரிகிறது. தமிழில் கதிர், தெலுங்கில் கதுரு. நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிடும் நன்னூலில் சொல் பஞ்சாகிறது, புலவன் நூற்கும் பெண்ணாகிறான், அவன் அறிவு கதிராகிறது.

சங்கப் பாட்டுகள் ‘பருத்திப் பெண்டு’ என்று குறிப்பிடும் பெண்களின் கைத்தொழிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஆலை நூல் முடக்கிப்போட்டது. 1925-இல் காந்தி அகில பாரத நூற்போர் சங்கத்தைத் தொடங்கினார். கதர் இயக்கத்தோடு நூற்பு மீண்டும் வீடுகளுக்கு வந்தது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சுழன்ற கருவிக்கு வடக்கிலிருந்து வந்த தக்ளி என்ற பெயரே நிலைத்தது. எஃகுதல் திரும்பவில்லை.

அதே சித்தூர்ப் பக்கத்து நகரியின் விசைத்தறிக் கூடங்களுக்கு இன்று நூல் கோன் கோனாக வருகிறது. அங்கே ஏகு உருட்ட யாருக்கும் வேலையில்லை. மாடிப் போர்ஷனுக்கு இரண்டு மாதம் என்று வந்தவர் இரண்டு வருடமாகியும் காலி செய்யாவிட்டால் மட்டும், வீட்டுக்காரர் வாயில் ஏகு வந்துவிடுகிறது.