ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதே

“கடல் வாசல்ல கெடக்க, தண்ணியில வெளாட மலைக்குப் போறியா மனே?” என்று உம்மா கேட்டார். கேள்வி நியாயமானது. கல்முனையிலிருந்து கித்துல்கலவுக்குப் போக ஒரு முழு இரவு வேணும். நண்பர்கள் ஆறு பேர் வான் பிடித்துப் போனோம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்ற தைரியம் இருந்தது. அந்த நீச்சல் அங்கே பாதிக்குத்தான் உதவியது.

கித்துல்கல, கேகாலை மாவட்டத்தில் அவிசாவளை–ஹட்டன் வீதியில் இருக்கிறது. ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ என்ற 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பாலம் இங்கேதான் களனி கங்கையின் குறுக்கே கட்டி உடைக்கப்பட்டது. ஒரு பக்கம் வீதி, மறுகரையில் அடர்ந்த மழைக்காடு, நடுவே பாறைகளை மோதி வெள்ளை நுரையாக இறங்கும் ஆறு. படகு போகும் தூரம் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். மேலே உள்ள நீர்மின் நிலையங்கள் எவ்வளவு தண்ணீர் விடுகின்றன என்பதைப் பொறுத்து ஆற்றின் வேகம் மாறும். பாய்ச்சல்களை உலகம் முழுவதும் 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 6 என்பது உயிரைப் பணயம் வைப்பது. கித்துல்கலவில் பெரும்பாலும் 2, 3. புதியவர்களுக்கு அதுவே போதும்.

படகில் ஏறுமுன் வழிகாட்டி கரையிலேயே பாடம் எடுத்தார். உயிர்காப்பு அங்கியின் வார்களை மூச்சு முட்டும் வரை இறுக்கினார். தலைக்கவசம் மாட்டினார். பிறகு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். மூன்றாவது பாய்ச்சலில் நான் விழுந்தேன். விழுந்தவுடன் செய்தது எழுந்து நிற்கப் பார்த்ததுதான்! “கக்குல் உடட்ட!” என்று வழிகாட்டி கத்தினார். கால் மேலே என்று அர்த்தம். வயிற்றளவுத் தண்ணீரில் நிற்பது நம் கைக்குப் பழகிய வேலை. கடலிலும் குளத்திலும் அப்படித்தான் தப்பினோம்.

வேகமாக ஓடும் தண்ணீரில் அதுவே ஆபத்து. முழங்காலுக்கு மேல் நீர் ஓடும்போது காலை ஊன்றினால் பாதம் இரண்டு கல்லுக்கு இடையில் மாட்டும். பின்னால் வரும் நீர் உடம்பை முன்னே தள்ளி மடக்கும். இடுப்பளவு ஆழத்திலேயே தலை உள்ளே போய்விடும். எனவே மல்லாந்து படுக்க வேணும், கால்கள் நீர் போகும் பக்கம், விரல்கள் தண்ணீருக்கு மேலே. வரும் பாறையைக் காலால் தள்ளலாம். கரைக்குப் போக நீரை எதிர்த்து நேராக நீந்தினால் களைத்துப் போவோம். சரிவாக நீந்த வேணும். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓயும் ஓர் இடம் இருக்கும். அதற்குள் நுழைந்தால் மூச்சு வாங்கலாம். நான் அப்படித்தான் ஒதுங்கினேன். மூக்கு வழியே பாதி ஆற்றைக் குடித்த பிறகு.

திரும்பி வரும் வழியில் யாரும் படகைப் பற்றிப் பேசவில்லை. பேச்செல்லாம் கிட்டங்கி, மாவடிப்பள்ளி பற்றியே. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் மௌத்தானார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்த ஜனாஸாக்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. தண்ணீரைப் பற்றி எழுதலாம்.

நம் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயலும் தோணாவும் ஆறும். மாரியில் மேற்கே பெய்யும் மழை முழுவதும் தாம்போதிகளைக் கடந்துதான் கடலுக்கு வரும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கி வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தண்ணீரில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிறோம். போர்க்காலத்தில் இரவில் தோணியில் வாவி கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “அதைவிடவா இது?” என்பார்கள். சுனாமியில் பிள்ளைகளை இழந்தவர்கள் கடலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், தாம்போதித் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. வாவியின் நீர் நிற்கிறது, தாம்போதியின் நீர் ஓடுகிறது. இரண்டும் வேறு.

ஒரு கன மீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 15 சென்ரிமீற்றர் ஓடும் நீரே வளர்ந்த ஆளை விழுத்தும். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60இல் பெரும்பாலான வாகனங்கள் போய்விடும். உழவு இயந்திரம் பாரமானது என்று நம்புகிறோம். பின்னால் கொழுவிய பெட்டியோ வெறும் தகரமும் காற்றடித்த டயரும்தான். பெட்டி மிதந்து பக்கவாட்டில் திரும்பினால் இயந்திரத்தையும் இழுக்கும். கலங்கிய நீருக்குக் கீழே வீதி இன்னும் இருக்கிறதா, ஓரம் அரித்துவிட்டதா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

தாம்போதியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியானவை அல்ல. தண்ணீர் விழும் பக்கத்தில் அது கீழே இறங்கிச் சுருண்டு திரும்பவும் சுவருக்கே வரும். விழுந்தவரை அதே இடத்தில் உருட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வரும் பக்கத்தில் மதகுக் குழாய்கள் உறிஞ்சும். முட்கம்பி வேலி, சாய்ந்த மரம், ஆற்றுவாழைக் குவியல் எல்லாம் தண்ணீரை விட்டு ஆளை மட்டும் பிடித்து வைக்கும். தப்பிக்க மரத்தைப் பிடி என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். கித்துல்கலவில் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: மரத்திலிருந்து விலகி நீந்து. முடியாவிட்டால் தலையை முன்னே வைத்து அதன்மேல் ஏறு.

காப்பாற்றப் போகிறவர்களுக்கும் ஒன்று. இடுப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு குதிப்பது நம்மிடம் வீரம். கயிறு இறுகியதும் ஓட்டம் அவரையே நீருக்குள் அமுக்கும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. படகுக்காரர்கள் பதினைந்து, இருபது மீற்றர் மிதக்கும் கயிற்றைச் சிறு பையில் திணித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையை ஆளைத் தாண்டி வீசுவார்கள். பிடித்தவர் மல்லாந்து கயிற்றைத் தோளுக்கு மேலாக எடுத்துக்கொள்வார். ஓட்டமே அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கம்பு நீட்டலாம், கயிறு எறியலாம், படகில் போகலாம். தண்ணீரில் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஊருக்கு வந்து மீன்பிடிக் கடையில் மிதக்கும் கயிறு பதினைந்து மீற்றர் வாங்கி, உரப்பையில் போட்டு மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தேன். இரண்டாம் கிழமை பார்க்கும்போது உம்மா அதில் உடுப்புக் காயப் போட்டிருந்தார். இன்னொன்று வாங்கியிருக்கிறேன்.