ஒற்றைப் படியும் மூன்று வாசிப்பும்: பிரபுக்கள் சபையில் மசோதா நடந்த வழி

மசோதாவை மூன்று முறை வாசித்த பிறகே சட்டமாக்க வேண்டும் என்ற மரபுக்கு, அரசியல் சட்ட நூல்கள் வழக்கமாக ஒரே காரணம் சொல்கின்றன. அவசர முடிவைத் தடுக்க முன்னோர் வகுத்த ஏற்பாடு அது என்பதே அந்தக் காரணம். நம் மாநிலங்களவை நடைமுறையிலும் முதல், இரண்டாம், மூன்றாம் வாசிப்பு என்ற பெயர்கள் நிலைத்திருப்பதால் இந்த விளக்கம் நமக்கும் பழகிவிட்டது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மசோதாக்களைக் கையாண்ட விதம் இதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. மசோதா ஒரே ஒரு கையெழுத்துப் படியாக அவைக்குள் வந்தது. அந்தப் படியைக் கேட்கவும், திருத்தவும், சரிபார்க்கவும் தேவைப்பட்ட கட்டங்களே மூன்று வாசிப்புகளாக உறைந்தன. நிதானம் என்ற நோக்கம் பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்டது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் தென்கோடியில் அந்த அவை கூடியது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஆயர்கள் இருபத்தாறு பேரும், அழைப்பாணை பெற்ற பிரபுக்களும் அதன் உறுப்பினர்கள். லார்டு சான்சலர் கம்பளி மூட்டை இருக்கையில் அமர்ந்து தலைமை வகித்தார். ஆனால் கீழவையான பொதுச்சபையின் சபாநாயகருக்கு உள்ள ஒழுங்கு காக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. பேசும் பிரபு அவரை நோக்கிப் பேசுவதில்லை, அவையோரை நோக்கியே பேசுவார். வாக்கெடுப்பில் கடைநிலைப் பாரன் முதலில் எழுந்து தம் ஒப்புதலையோ மறுப்பையோ சொல்வார். வரிசை அங்கிருந்து மேலே போகும். பெரியவர் முகம் பார்த்துச் சிறியவர் வாக்கை மாற்றிக்கொள்ளாமலிருக்க இது உதவியிருக்கலாம். எவ்வளவு உதவியது என்பது வேறு கதை.

முதல் வாசிப்பு என்பது எழுத்தர் மசோதாவை உரக்கப் படிப்பது. அச்சுப் படிகள் உறுப்பினர் கையில் இல்லாத காலம் அது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவை அறிய இருந்த பொது வழி காது ஒன்றே. நீண்ட மசோதாவென்றால் அதன் சாரத்தைச் சுருக்கி எழுதிய குறிப்பு தலைவர் கையில் இருக்கும். சுருங்கச் சொன்னால், முதல் வாசிப்பு தகவல் தெரிவிக்கும் சடங்கு. விவாதத்துக்கு அங்கே பெரிய இடமில்லை.

மூன்று என்ற எண் தொடக்கத்திலிருந்தே இறுகிக் கிடந்ததா என்றால், இல்லை. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகள் 1510 முதல் கிடைக்கின்றன. ஆரம்ப ஆண்டுகளின் பதிவுகளில் சில மசோதாக்கள் மூன்றுக்கும் குறைவாக வாசிக்கப்பட்டன. சில நான்கு, ஐந்து முறைகூட வாசிக்கப்பட்டன. சர் தாமஸ் ஸ்மித்தின் இங்கிலாந்து ஆட்சிமுறை பற்றிய நூல் 1583-இல் அச்சேறியபோது, மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று வாசிப்பு என்பது நிலைபெற்ற நெறியாக அதில் விவரிக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் யாரும் சட்டமியற்றி இந்த எண்ணை நிறுவவில்லை. வேலையின் ஒழுங்கே அதை நிறுவியது.

அந்த வேலை எங்கே நடந்தது? இரண்டாம் வாசிப்புக்குப் பிந்தைய குழுவில். மசோதாவின் கொள்கையை ஏற்ற பின், தாளில் எழுதிய அந்த ஒற்றைப் படியே குழுவின் கையில் கொடுக்கப்படும். உயர் நீதிபதிகளும் அரசின் சட்ட அலுவலர்களும் அவைக்குத் துணையாக அழைக்கப்பட்டு உள்ளே அமர்ந்திருப்பார்கள், வாக்கு கிடையாது. முதலாம் எலிசபெத் ஆட்சியின் தொடக்கம்வரை சில மசோதாக்களை நீதிபதிகளிடமோ சட்ட அலுவலரிடமோ நேரடியாகவே ஒப்படைத்து, செப்பனிட்டுத் தரச் சொல்வதும் உண்டு. பின்னர் பிரபுக்களே குழுவாக அமர, நீதிபதிகள் உடனிருந்து ஆலோசனை சொல்பவர்களாயினர். பொதுச்சபையிலும் வழக்கறிஞர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் நாட்டின் உயர் நீதிபதிகளைக் கூப்பிட்ட குரலுக்கு வரவழைக்கும் வசதி மேலவைக்கே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பச் சொத்து தொடர்பான தனிநபர் மசோதாக்களை முதலில் இரண்டு நீதிபதிகள் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று ஏற்பாடானது இந்தப் பழக்கத்தின் நேர்த் தொடர்ச்சி. பிரபுக்கள் சபையைப் பரம்பரைச் செல்வர்களின் முட்டுக்கட்டை மன்றமாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் குழு அறையை எட்டிப் பார்ப்பதில்லை.

குழுவிலிருந்து திரும்பிய திருத்தங்களை அவை ஏற்றதும், மசோதா தாளிலிருந்து தோலுக்கு ஏறும். எழுத்தர்கள் அதைத் தோல்தாளில் தெளிவான எழுத்தில் படியெடுப்பார்கள். மூன்றாம் வாசிப்பு இந்தத் தோல்தாளுக்கு உரியது. அதுவரை கேட்டதும் திருத்தியதும் வேறொரு பொருள். சட்டமாகப் போவது இது. படியெடுத்தவர் கை தவறியிருந்தால் கண்டுபிடிக்க அதுவே கடைசி வாய்ப்பு. இந்த இடத்தில் மேலும் ஒரு விதியைச் சேர்க்க வேண்டுமானால், தனித் தோல்துண்டில் எழுதி மசோதாவோடு சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் தடங்களை மூலச் சட்டச் சுருள்களில் இன்றும் காணலாம்.

ஓர் அவை முடித்த தோல்தாள் மற்ற அவைக்குப் போகும்போது, அதன்மேல் நார்மன் பிரெஞ்சில் ஒரு வரி எழுதப்படும்: இது பொதுச்சபைக்குக் கொடுக்கப்படட்டும், அல்லது பிரபுக்களுக்குக் கொடுக்கப்படட்டும். மற்ற அவை இசைந்தால் அதற்கும் ஒரு வரி. நில ஆவணத்தின் பின்பக்கக் குறிப்புகளைப் போல, மசோதா எந்தெந்தக் கை மாறியது என்பதை அந்தத் தோலே சொல்லும். இரண்டாவதாகப் பெற்ற அவைக்கு அதில் பேனா வைக்கும் உரிமை இல்லை என்பதுதான் முக்கியம். இத்தனையாவது வரியில், இந்தச் சொல்லுக்குப் பிறகு, இதைச் சேர்க்க என்று தனித்தாளில் எழுதி இணைத்தனுப்பும். முதல் அவை ஏற்றால் அதன் எழுத்தரே தோலைச் சுரண்டித் திருத்துவார். இரு அவைகளின் சமத்துவம் என்று பின்னாளில் கோட்பாடாகப் பேசப்பட்டது, அன்றாட அளவில் யார் பேனா யார் தோலைத் தொடலாம் என்ற ஒழுங்காகவே இருந்தது.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று ஒரு விதிவிலக்கில் கிடைக்கிறது. அரசரின் பொது மன்னிப்பு மசோதா, அரச கையொப்பத்துடன் முன்னதாகவே தோலில் எழுதப்பட்டு வந்தது. அதை ஒவ்வோர் அவையும் ஒரே முறைதான் வாசித்தது. அரச அருளுக்குக் காட்டிய மரியாதை என்று இதை விளக்குவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் திருத்தவும் படியெடுக்கவும் ஏதுமில்லாத இடத்தில் இரண்டாம், மூன்றாம் வாசிப்புகள் உதிர்ந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். நிதானம் மட்டுமே நோக்கமாயின் மன்னிப்புக்கும் அது வேண்டியிருக்குமே.

அவைகள் முரண்பட்டால் கூட்டு ஆலோசனை நடக்கும். அதில் பிரபுக்கள் தொப்பியோடு அமர்ந்திருக்க, பொதுச்சபையினர் வெறுந்தலையோடு நிற்க வேண்டும். 1679 மே 27-இல் ஆட்கொணர்வு மசோதா இத்தகைய ஆலோசனையில் தொங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் ஓர் ஆலோசனை தேவையா என்ற வாக்கெடுப்பில் 57-க்கு 55 என முடிவு வந்தது. கூட்டினால் 112. அன்று வந்திருந்ததாகப் பதிவானவர்களோ 107 பேர். எண்ணியவர்களில் ஒருவரான கிரே பிரபு, பருமனான ஒரு பிரபுவைப் பத்துப் பேராக வேடிக்கைக்கு எண்ணினார், எதிர்த்தரப்பு எண்ணாளர் கவனிக்கவில்லை என்று ஆயர் கில்பர்ட் பர்னெட் எழுதிவைத்தார். எல்லோரும் ரசிக்கும் கதை. வாக்கெடுப்பு மசோதாவின் நன்மை தீமை பற்றியதன்று, திருத்தங்களைப் பற்றிய பேச்சுக்கு இன்னொரு சுற்று உண்டா என்பதைப் பற்றியது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அன்றே நாடாளுமன்றக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் இசைவு வராதிருந்தால் தோல்தாள் வெறும் தோலாகவே போயிருக்கும்.

மேலவையின் உண்மையான ஆற்றல் வாக்கில்தானே இருந்தது, 1783-ஐ மறக்கலாமா என்று கேட்கலாம். சென்னை மாகாணம் உட்படக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய ஆட்சியை ஆணையர்களிடம் ஒப்படைக்க முனைந்த ஃபாக்ஸின் இந்திய மசோதா, பொதுச்சபையைப் பெரும்பான்மையோடு கடந்து வந்தது. அதை ஆதரிப்பவர் தம் பகைவர் என்ற மூன்றாம் ஜார்ஜ் அரசரின் சொல் டெம்பிள் பிரபு வழியாகப் பரவியது. டிசம்பர் 17-இல் 95-க்கு 76 என மசோதா வீழ்ந்தது. எதிர்வாதம் கனமானதுதான். ஆனால் அது எங்கே வீழ்ந்தது என்று பார்க்க வேண்டும்: குழுவுக்கு அனுப்பலாமா என்ற கேள்வியில். வராத பிரபுக்களின் பதிலாள் வாக்குகள் முழு அவையில் செல்லும், குழுவில் செல்லாது. ஒரு பிரபு இரண்டுக்கு மேல் பதிலாள் வாக்கு வைத்திருக்கக் கூடாது என்று 1626-இலேயே கட்டுப்படுத்தியிருந்தாலும், அரசரின் விருப்பம் வேலை செய்ய அவ்வழி போதுமானதாயிருந்தது. மசோதாவைக் கொல்ல நினைத்தவர்கள் அதைக் குழு என்ற பட்டறைக்குள் விடாமலே கொன்றார்கள். இது என் வாதத்தை முறிக்கவில்லை, எல்லையை வரையறுக்கிறது.

தாமதத்தையே விதியாக எழுதியது 1715-இல்தான். ஒரே நாளில் ஒரு மசோதாவை இருமுறை வாசிக்கக் கூடாது என்று பிரபுக்கள் சபை அவ்வாண்டு நிலையாணை இயற்றியது. பழக்கத்துக்குக் காரணம் எழுத்தில் வந்தபோது பழக்கத்துக்கு வயது ஒரு நூற்றாண்டுக்கு மேல். மூலச் சுருள்களும் சபைப் பதிவுகளும் அரண்மனைக்கு எதிரிலிருந்த நகைக் கோபுரத்தில் காக்கப்பட்டதால் 1834 தீயில் தப்பின. பொதுச்சபையின் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்தது. தோலில் கையால் படியெடுக்கும் முறை 1849-இல் நின்று, சட்டங்களின் மூலப்படிகளே அச்சேறத் தொடங்கின. மூன்றாம் வாசிப்பை எந்த அவையும் கைவிடவில்லை.