57 லட்சமா, 25 லட்சமா? இந்திய எச்.ஐ.வி மதிப்பீட்டின் வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்வோர் 57 லட்சம் பேர் என்று 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டமான யுஎன்எய்ட்ஸ் அறிவித்தது. தென்னாப்பிரிக்காவை இந்தியா முந்திவிட்டது என்று உலக இதழ்கள் எழுதின. 2007 ஜூலையில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ, யுஎன்எய்ட்ஸ், உலக சுகாதார நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வேறோர் எண்ணை வெளியிட்டன. அது 25 லட்சம். இடைப்பட்ட காலத்தில் முப்பது லட்சம் பேர் குணமடையவும் இல்லை, இறக்கவும் இல்லை. மாறியது கணக்கிடும் முறை.

இந்த நோயில் தலைகளை எண்ணிக் கணக்கெடுக்க முடியாது. தொற்றுள்ளவர் பல ஆண்டுகள் நலமாகவே இருப்பார். பரிசோதனை செய்துகொள்ளாதவருக்குத் தம் நிலை தெரியாது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக இத்தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் 1998 முதல் கண்காணிப்பு மையங்கள் நாடெங்கும் ஆண்டுதோறும் செயல்பட்டன. அரசு மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற பெண்களிடம் வேறு பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தின் மிச்சத்தைப் பெயர் நீக்கிச் சோதித்தனர். பால்வினை நோய் மருத்துவமனைகளிலும் மாதிரி எடுத்தனர். அதில் கிடைத்த விழுக்காட்டை மக்கள்தொகையோடு பொருத்தியே மொத்த எண்ணிக்கையைப் பெற்றனர்.

அரசு மருத்துவமனைக்கு வருவோர் ஊர் மக்கள் அனைவரின் மாதிரி ஆவார்களா? ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் லலித் தண்டோனா குழுவினர் வீடுவீடாகச் சென்று 12,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தனர். 2006இல் வெளியான அவர்களது முடிவின்படி, மாவட்டத்தில் தொற்றுள்ளோர் அதிகாரபூர்வ முறை காட்டிய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. காரணம் எளியது. தொற்று இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களைத் தனியார் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டனர். அங்கு ஏழைகளே மிகுதியாக வந்தனர். பால்வினை நோய் மருத்துவமனைத் தரவும் கணக்கை மேலே தள்ளியது.

2005-06இல் நடந்த மூன்றாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. 15 முதல் 49 வயதினரில் 0.28 விழுக்காட்டினருக்கே தொற்று இருந்தது. தமிழ்நாட்டில் அது 0.34 விழுக்காடு. ஆனால் வீட்டுக் கணக்கெடுப்பும் குறையற்றதன்று. பாலியல் தொழிலாளர், ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோர், வீடற்றோர் போன்றோர் அதில் போதிய அளவு அகப்படுவதில்லை. சிலர் இரத்தம் தர மறுக்கின்றனர். எனவே இரு வகைத் தரவையும் இணைத்து 0.36 விழுக்காடு என்ற மதிப்பீட்டை எட்டினர். அந்த 25 லட்சமும் உண்மையில் 20 லட்சத்துக்கும் 31 லட்சத்துக்கும் இடைப்பட்ட வீச்சின் நடுப்புள்ளிதான். செய்தித்தாள்கள் இந்த வீச்சைப் பெரும்பாலும் அச்சிடவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆப்பிரிக்காவில் இதே பாடம் முன்பே கிடைத்திருந்தது. கென்யாவின் 2003 வீட்டுக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 6.7 விழுக்காட்டினருக்குத் தொற்று என்றது. மருத்துவமனை வழி மதிப்பீடுகள் அதைவிட உயர்ந்திருந்தன. 2007 நவம்பரில் யுஎன்எய்ட்ஸ் உலக எண்ணிக்கையை 3.95 கோடியிலிருந்து 3.32 கோடியாகத் திருத்தியபோது, அந்தக் குறைவில் மிகப் பெரிய பங்கு இந்தியத் திருத்தத்தினுடையது.

நிதி திரட்டவே எண்ணைப் பெருக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஜேம்ஸ் சின் இதைக் கடுமையாகப் பேசினார். பழைய முறையின் பிழை வெளிப்படையான ஆவணங்களிலேயே கிடந்தது. அதற்குச் சதி தேவையில்லை. ஆயினும் பெரிய எண்ணை ஐயுற எவரும் அவசரப்படவில்லை என்பதும் மெய். 2010இல் இந்தியாவில் இரண்டு முதல் இரண்டரைக் கோடிப் பேருக்குத் தொற்று இருக்கும் என்று 2002இல் அமெரிக்கத் தேசிய உளவு மன்றம் கணித்திருந்தது. நாகோவின் 2009ஆம் ஆண்டு மதிப்பீடு சுமார் 24 லட்சம்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 57 லட்சத்தையும் 25 லட்சத்தையும் ஒரே வரைபடத்தில் இணைத்து நோய் பாதியாகக் குறைந்தது என்று காட்டுவது தவறு. புதிய முறையைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தியபோது மெதுவான சரிவே தெரிந்தது.

சிகிச்சைக் கணக்கிலும் இதன் விளைவு உண்டு. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டுமருந்து வழங்கல் தொடங்கியது. மருந்து பெறுவோரைப் பதிவேட்டில் பெயர் பெயராக எண்ணலாம். மருந்து தேவைப்படுவோர் எத்தனை பேர் என்பதோ மதிப்பீட்டிலிருந்து வருவது. அது பாதியானால், புதிதாக ஒருவருக்கும் மருந்து கொடுக்காமலே சிகிச்சை பெறுவோர் விழுக்காடு இரட்டிப்பாகிவிடும்.