வகைப்படமும் மேல்சீலையும்

சாமி படம், பேய்ப் படம், சண்டைப் படம், அழுவாச்சிப் படம். இந்தப் பெயர்களை எந்தக் கோட்பாட்டாளரும் நமக்குத் தரவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. நம் சிறுபத்திரிகை விமர்சனமோ இவை எல்லாவற்றையும் 'ஃபார்முலா' என்று ஒதுக்கிவிட்டு யதார்த்தம் தேடிப் போய்விட்டது. நான் வகைப்படங்களின் பார்வையாளன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

மயிலாடியில் இருந்துகொண்டு, செய்ததையே திரும்பச் செய்வதைக் குறையாகப் பேச முடியாது. பட்டறைக்குப் பட்டறை பிள்ளையார். "எல்லாம் ஒண்ணுபோலத்தாம் மக்கா இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல" என்று உளியை நிறுத்தாமலே ஒரு சிற்பி என்னிடம் சொன்னார். எம்.ஏ. வகுப்பில் அகத்துறை என்று நாங்கள் படித்ததும் இதைத்தான். வாயில் மறுத்தலை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள்; புதுமை சட்டகத்துக்கு உள்ளேயே, ஒரு நூலிழை விலகலில் இருக்கிறது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் என் விருப்பு வெறுப்புகள் இப்படி. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டில்லாத படம் என்றே புகழப்படுகிறது. எனக்கு அது முக்கியமில்லை. தேசத்துரோகியான கணவன் மனைவி கையிலிருக்கிற துப்பாக்கியால் சாகிறான்; துப்பறியும் கதை குடும்பக் கதையைப் போட்டு உடைக்கிறது. அதனால்தான் அது பெரிய படம். 'யார் நீ' (1966) கடைசியில் பேயைச் சொத்துக்கான சதியாக்கிவிடுகிறது. ஏமாற்றம்தான் என்றாலும், பேயைவிடச் சொத்து பயங்கரம் என்று எனக்குக் கேட்கிறது. கர்ணனின் 'கங்கா'வில் (1972) ஜெய்சங்கர் குதிரையில் வருகிறார். நம்பும்படியா இருக்கு என்பார்கள். நம்ப முடியாததில் ஒரு வசதி உண்டு: குதிரையில் வருகிறவனிடம் 'நீ எந்த ஆளு' என்று கேட்க யாருக்கும் அவகாசமில்லை.

பிடிக்காதது 'சமூகப் படம்'. ஏன் என்று யோசித்தபோதுதான் வரலாறு குறுக்கே வந்தது.

1917இல் பால்கேயின் 'லங்கா தகன'த்தில் ராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் ஒரே ஆள், சாலுங்கே. உணவகம் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். மீசை மழித்த ஆண் சீதையாக வந்ததைப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புராணப் படம் என்கிற வகை அதை அனுமதித்தது.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டானியல் 'விகதகுமாரன்' எடுத்தார். கேரளத்தின் முதல் கதைப்படம். களரியும் சிலம்பமும் தெரிந்தவர். அந்த வித்தையைப் பரப்பும் ஆசையில் சினிமாவுக்கு வந்தவர். சண்டைப் படத்துக்கான மனசு. எடுத்ததோ சமூகப் படம். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு கணக்கு உண்டு. நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி, புலையர் சாதிப் பெண். திரைமீது கல் விழுந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று.

ஆண் சீதையாகலாம், புலையப் பெண் நாயர் பெண்ணாகக் கூடாது. ஏன்? புராணப் படம் 'இது வேடம்' என்கிறது. சமூகப் படம் 'இது நம்ம ஊர், நம்ம வீடு' என்கிறது. அந்த வீட்டுக்குள் ரோஸி நுழைந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இதன் வேர் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. 1809இல் ரிங்கல்தௌபே தேவாலயம் எழுப்பிய ஊர் மயிலாடி. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை உடுத்தியதிலிருந்து மூண்டதே தோள்சீலைக் கலகம். 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மார்பை மறைக்கும் உரிமையை அறிவித்தது. எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்பது நிபந்தனை. அதாவது துணி பிரச்சினை இல்லை, ஒத்த தோற்றம்தான் பிரச்சினை. டானியல் நாடார் கிறிஸ்தவர். அவர் படத்தில் ரோஸி மீறியது இந்த நிபந்தனையைத்தான். சட்டப் புத்தகத்தில் இருந்தது எழுபது ஆண்டு கழித்தும் பார்வையாளர்களின் கண்ணில் இருந்தது.

டானியல் கடனாளியாகி, பல் மருத்துவராகப் பிழைத்து 1975இல் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது நிறுவியது 1992இல். ரோஸி நடித்த அந்தப் படச்சுருள் இன்று இல்லை.

ஆகவே வகை என்பது கதைச் சட்டகம் மட்டுமில்லை. யார் யாராகத் தோன்றலாம் என்கிற ஒப்பந்தமும்கூட. தரை டிக்கெட்டுக்காரர்கள் வகைகளுக்குப் பெயர் வைத்தார்கள் என்று கொண்டாட்டமாகத் தொடங்கினேன். கேபிடல் அரங்கில் கல்லெறிந்தவர்களும் பார்வையாளர்கள்தாம். 'இந்தப் பாத்திரத்துக்கு இந்த முகம் பொருந்தலியே' என்று நாம் இன்றும் சாதாரணமாகச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொருத்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்காமல் என் ரசனையைப் பற்றி இனி எழுத முடியாது.