வானில் போவது எயார்பஸா, போயிங்கா?

திருகோணமலையில் என் வயதினர் விமானங்களைக் காதால் பிரித்தறிந்து வளர்ந்தவர்கள். கிபிரின் இரைச்சல் கேட்டால் மூதூர், சம்பூர்ப் பக்கம் என்ன ஆகுமோ என்று நெஞ்சு பதறும். இன்று பிள்ளைகள் வானத்தைக் காட்டி "அது என்ன பிளேன்?" என்று பயமில்லாமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பவை இவை.

சீனக்குடாவில் பயணிகளோடு இறங்குபவை பெரும்பாலும் சிறிய செஸ்னாக்கள். பெரிய ஜெட்களை உயரத்தில் போகும்போதோ, உறவினரை வழியனுப்பக் கட்டுநாயக்க போகும்போதோதான் பார்க்கலாம்.

உயரத்தில் போனால் வெண்புகைக் கோடுகளை எண்ணுங்கள். தொடக்கத்தில் இரண்டு என்றால் இரண்டு எஞ்சின். நான்கு என்றால் ஏ380, போயிங் 747, ஏ340 போன்றவற்றில் ஒன்று. ஏ380க்கு மேல்தட்டு முழு நீளத்துக்கும் உண்டு. 747க்கு முன்பக்கம் மட்டும் திமில்போல் உயர்ந்திருக்கும்.

விமான நிலையத்தில் அதிகம் குழப்புபவை ஏ320உம் போயிங் 737உம். ஏ320இன் மூக்கு உருண்டை, 737இன் மூக்கு கூர்மை. 737இன் வால் அடியில் முன்னோக்கிச் சரியும் முக்கோணத் துடுப்பு இருக்கும். 737-800இன் எஞ்சின் வாய் அடியில் தட்டையாக இருக்கும். ஏ321 என்பது நீட்டப்பட்ட ஏ320: 37.6 மீற்றருக்குப் பதில் 44.5 மீற்றர்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் பெரிய விமானம் ஏ330. எமிரேட்ஸின் 777 வந்தால் சக்கரங்களைப் பாருங்கள். இறக்கைக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் ஏ330க்கு நான்கு, 777க்கு ஆறு. ஏ330இன் இறக்கை நுனி மேலே வளைந்திருக்கும். 777இன் வால்முனை கத்திபோல் தட்டையாக முடியும். எஞ்சினின் பின்விளிம்பு வாள்பல் போலிருந்தால் பெரும்பாலும் அது 787. விமானியின் கண்ணாடிகளைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி அணிந்ததுபோலிருந்தால் ஏ350.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியவில்லை. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் எயாரின் ஏ300 பயணிகள் விமானத்தை எஃப்-14 போர்விமானம் என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரும் இறந்தார்கள். அந்தத் தவறு நடந்தது கண்ணால் அல்ல, ரேடார் திரையில். வானில் போவது எது என்று தெரியாத பயம் எங்கள் ஊருக்குப் பழக்கமானது. பிள்ளைகள் பெயர் சொல்லி அழைக்கப் பழகட்டும்.