மட்டக்களப்புக் கோச்சி ஏன் காத்து நிற்கிறது?

மட்டக்களப்புக் கோச்சியில் போகும்போது எங்காவது ஒரு ஸ்டேஷனில் நீண்ட நேரம் நிற்போம். "என்னடா இது, இன்னும் எடுக்கலியே" என்று நம்மில் யார்தான் முணுமுணுக்கவில்லை? அந்த நிற்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இலங்கைக்குப் புகையிரதம் வந்தது பயணிகளுக்காக அல்ல, கோப்பிக்காக. கண்டிப் பக்கத்துக் கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது தோட்டத் துரைமாருக்குப் பெரும்பாடாக இருந்தது. முதலில் ஒரு தனியார் கம்பனி இறங்கியது. அதனால் முடியாமல் போகவே அரசாங்கம் வேலையைக் கையில் எடுத்தது. 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. பின்னர் கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது, பாதையோ நீண்டுகொண்டே போனது: 1905 இல் காங்கேசன்துறை, 1914 இல் தலைமன்னார், 1924 இல் பதுளை.

நமது முறை கடைசியில்தான் வந்தது. மாஹோவில் பிரியும் பாதை கல்ஓயாவில் இரண்டாகிறது. ஒன்று திருகோணமலைக்குப் போகிறது. மற்றது பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக 1928 இல் மட்டக்களப்பை அடைந்தது. அதற்கப்பால் தண்டவாளம் போகவேயில்லை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று மக்கள் இன்றும் மட்டக்களப்புக்கு வந்துதான் கோச்சி ஏறுகிறார்கள்.

ஓட்டமாவடிப் பழைய பாலம் நம் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். ஒரே பாலத்தில்தான் கோச்சியும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் போயின. கோச்சி வந்தால் மற்ற எல்லாம் காத்து நிற்கும். மன்னம்பிட்டியிலும் இதே கதைதான்.

இனி, கோச்சி ஏன் நிற்கிறது? நமது பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு கோச்சிகள் ஸ்டேஷனில் மட்டுமே விலக முடியும். இதற்காக நெடுங்காலமாக 'டெப்லட்' என்ற முறை இருந்து வருகிறது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரேயொரு வட்டத் தகடுதான் வெளியே எடுக்கப்படலாம். அது கையில் கிடைத்தால்தான் சாரதி கோச்சியை நகர்த்தலாம். அடுத்த ஸ்டேஷனில் அதை ஒப்படைத்துவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும். நாம் பொறுமையிழந்து நிற்கும் அந்த நிமிடங்கள்தான் நமது உயிருக்குக் காவல்.

யானைகளும் இருக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் நமது பாதையில் கோச்சி மோதி ஆறு யானைகள் இறந்தன. காட்டுக்குள் மெதுவாகப் போவது சாரதியின் சோம்பல் அல்ல.

ஒருகாலத்தில் இந்தக் காத்திருப்பும் நமக்கு இல்லாமல் போனது. போர்க்காலத்தில் மட்டக்களப்புக்குக் கோச்சி வரவில்லை. 2003 இல் அது திரும்பி வந்தபோதுதான், ஒரு ஊருக்குக் கோச்சி என்றால் என்ன என்று நமக்கு விளங்கியது.

புகையிரதம் நட்டத்தில் ஓடுகிறது, தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. நிர்வாகம் திருந்த வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் இலாபத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது நம்மைப் போன்ற தூரத்துப் பாதைகள்தான். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, கெம்பஸ் போகும் பிள்ளை, வேலை தேடிப் போகும் இளைஞன், இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்?

2028 இல் நமது பாதைக்கு நூறு வயது. அதற்குள் ஒரு வேலை செய்வோம். ஓட்டமாவடிப் பாலத்தையும் பழைய கோச்சிப் பயணங்களையும் கண்ட உம்மம்மா, வாப்பப்பாமாரிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைப்போம். அவர்கள் போன பின் அந்தக் கதைகளைக் கேட்க ஆள் இருக்காது.